சின்ன ஸ்டேஷன், இரண்டு நிமிஷ நிறுத்தம், 76 வயது அம்மா

வயதான அப்பா அம்மாவைக் கிராமத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து ராத்திரி எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மார்கழியில் என் அம்மா ரயிலிலும் நான் பிளாட்பாரத்திலும் மாட்டிக்கொண்டோம். அம்மாவுக்கு 76 வயது, சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். திருவாரூர்–காரைக்குடி தடத்தில் உள்ள ஸ்டேஷன் என்பதற்கு மேல் ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ராத்திரி டூட்டியில் இருந்தவர் ஒரே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். ஊரைச் சொன்னால் அவரைக் கைகாட்டுவது போல ஆகிவிடும். உண்மையில் அன்றைக்கு எனக்கு உதவியவரே அவர்தான்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். ஆம்னி பஸ் படி அம்மாவால் ஏற முடியாது, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், அம்மாவுக்கு அந்த ஸ்டேஷன் மேல் இருந்த நம்பிக்கை. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் பார்த்த ஸ்டேஷன். கம்பன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர், "ஒரு போர்ட்டர் எப்பவும் இருப்பாரு, பெட்டி எங்க நிக்கும்னு அவரே கொண்டுபோய் நிறுத்துவாரு" என்பாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது வேறு காலத்து ஸ்டேஷன், வேறு அகலத்துத் தண்டவாளம்.

இந்தத் தடத்தின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் அன்றைக்கு நடந்தது புரியும். பழைய தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து ஒரு தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தில் ரயில் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து (இப்போதைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை 1894இல் ரயில் வந்தது. 1902இல் பட்டுக்கோட்டை, 1903இல் அறந்தாங்கி என்று நீண்டது. அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையில் இருந்த துண்டை இணைக்க 1952 ஆகிவிட்டது. எல்லாம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்), ஒற்றைப் பாதை. கருவாடும் நெல்லும் போகும், கிளையில் அகஸ்தியம்பள்ளிப் பக்கமிருந்து உப்பு வரும். அகலப் பாதை வேலைக்காக 2012இல் ரயிலை நிறுத்தினார்கள். காரைக்குடி–பட்டுக்கோட்டை 2018இலும், பட்டுக்கோட்டை–திருவாரூர் 2019 ஜூனிலும்தான் திரும்ப ஓடத் தொடங்கின. நடுவில் ஏழு வருஷம் எங்கள் ஊரில் தண்டவாளம் இருந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. ரயில் திரும்ப வந்தபோதும் கேட் கீப்பர்களை நியமிக்கவில்லை. டெமு ரயிலிலேயே (டீசலில் ஓடும் பாசஞ்சர் ரயில்) ஆட்கள் போவார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார், ரயில் தாண்டி மறுபடி நிற்கும், பின்பெட்டியில் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். 150 கிலோமீட்டர் போக 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு கேட்டுகளுக்கு ஆள் போட்டார்கள். 2020இல் கொரோனாவில் எல்லாமே நின்றது. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்து ராமேஸ்வரம்–தாம்பரம் என்று எக்ஸ்பிரஸ்கள் வந்தபிறகுதான் "இனிமே பஸ்ஸெல்லாம் வேணாம்" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

டிக்கெட் எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் கீழ் பெர்த்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, இரண்டு பேருக்கு மேல் சேர்த்துப் போடாமல் இருந்தால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான், ஆகவே முழுக் கட்டணம். மூன்றடுக்கு ஏசியில் இரண்டு சீட்டு, அம்மாவுக்குக் கீழ் பெர்த். ஏறும் இடம் எங்கள் ஊர் ஸ்டேஷன். அதைத் தட்டியபோது அந்த ஸ்டேஷனில் ரயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்தேன். இரண்டு நிமிஷம். போதும் போலத் தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் என்ன முடியும், என்ன முடியாது என்பது பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். மழை விட்டிருந்தது. ஓட்டுக் கூரை போட்ட பழைய கட்டடம் இப்போது இல்லை, அதே இடத்தில் புது கான்கிரீட் கட்டடம், வாசலில் சாய்தளம், உள்ளே எவர்சில்வர் பெஞ்சு. டீக்கடை இல்லை, போர்ட்டர் இல்லை. கவுன்டர் கண்ணாடியில் "டிக்கெட் ரயில் வருவதற்கு முன் கொடுக்கப்படும்" என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. இந்த மாதிரி ஸ்டேஷன்களில் டிக்கெட் கொடுப்பவர், சிக்னல் போடுபவர், அடுத்த ஸ்டேஷனோடு பேசி ரயிலை அனுப்ப அனுமதி வாங்குபவர், மைக்கில் அறிவிப்பவர் எல்லாம் ஒரே ஆள்தான். கூட உதவிக்கு ஒரு பாயின்ட்ஸ்மேன் (தண்டவாளத்தில் தடம் மாற்றுபவர்). ஆகவே ரயில் நெருங்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் அவரிடம் எதுவும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. கேட்க வேண்டியதை ஒரு மணி நேரம் முன்னால் கேட்டுவிட வேண்டும். முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

நான் வீல்சேர் கேட்டேன். அவர் எழுந்து வந்து அறைக் கதவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். முன் சக்கரம் ஒன்று திரும்பவே இல்லை, இழுத்தால் வட்டமடித்தது. வலது பக்கக் கால்மிதி கயிற்றால் கட்டியிருந்தது. "பார்த்து, இடது பக்கமா சாய்ச்சுத் தள்ளுங்க" என்றார். எங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று கேட்டேன். ஸ்டேஷன் பக்கம் பெட்டி எண் காட்டும் போர்டு எதுவும் கிடையாது. "இன்ஜின்ல இருந்து எண்ணிக்கங்க. ஏசி முன்னாடி வரும், அந்தத் தண்ணிக் குழாய் தாண்டி நில்லுங்க" என்றார். ஆப்பில் காட்டிய வரிசையும் அப்படித்தான் இருந்தது. அங்கே போய் நின்றோம். அன்றைக்கு ரயிலில் ஒரு பெட்டி கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள், இன்ஜினும் வழக்கத்தைவிட முன்னே தள்ளிப் போய் நின்றது. இவை இரண்டும் அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்களுக்கு முன்னால் வந்து நின்றது ஸ்லீப்பர். ஏசி பெட்டி ஐந்து பெட்டி தள்ளி, விளக்கு இல்லாத முனையில்.

ஐந்து பெட்டி என்றால் எவ்வளவு தூரம் என்று பிறகு கணக்குப் போட்டேன். இப்போது வரும் எல்எச்பி பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். ஐந்து பெட்டி 120 மீட்டர். அம்மாவின் நடைக்கு அது மூன்று நான்கு நிமிஷம், அதுவும் கீழே மழைத்தண்ணீர் இல்லாவிட்டால். வட்டமடிக்கும் வீல்சேரில் இன்னும் மோசம். அதோடு பிளாட்பார உயரம் என்று ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. ரயில்வேயில் பிளாட்பாரம் மூன்று வகை. தண்டவாள மட்டத்திலேயே இருப்பது ஒன்று. தாழ்ந்த பிளாட்பாரம், அதிகபட்சம் 455 மில்லிமீட்டர் உயரம். உயர்ந்த பிளாட்பாரம், 760 முதல் 840 மில்லிமீட்டர். எழும்பூரிலும் தாம்பரத்திலும் நாம் பழகியது மூன்றாவது. எங்கள் ஸ்டேஷனில் கட்டடத்துக்கு எதிரே மட்டும் உயரம், இரு முனைகளிலும் தாழ்ந்து போகிறது. அங்கே நின்றால் பெட்டியின் முதல் படியே நம் முட்டிக்கு மேலே. அம்மா சொல்லும் மீட்டர் கேஜ் பெட்டிகள் தாழ்வானவை, அவள் கால் நன்றாக இருந்த காலமும் அது.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். ஓட முடியாது என்று தெரிந்ததும் எதிரே இருந்த ஸ்லீப்பர் கதவிலேயே அம்மாவை ஏற்ற முடிவு செய்தேன், உள்ளேயே நடந்து போய்க்கொள்ளலாம் என்று. கதவில் நின்றிருந்த இரண்டு பையன்கள் கையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். நான் கீழிருந்து தள்ளினேன். தூக்கும்போது அம்மாவின் ஒரு செருப்பு ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்தது. "செருப்பு, செருப்பு" என்று அவள் அங்கேயே நின்றுவிட்டாள், பின்னால் ஏற வந்தவர்கள் முண்டினார்கள். இரண்டு பைகள் இன்னும் வீல்சேரில் இருந்தன. ஒன்றில் இன்சுலின். திரும்பி அவற்றை எடுக்கும்போது ரயில் நகர ஆரம்பித்தது. கதவில் ஆள் நெரிசல், என் கையில் இரண்டு பை. ஓடுகிற ரயிலில் ஏறி விழுந்து செத்தவர்களைப் பற்றிப் படித்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. நான் ஏறவில்லை. அதை இன்றைக்கும் சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மா கதவுப் பக்கம் திரும்பி என்னைத் தேடியது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ரயில் நகர்ந்துவிட்டால் நாம் ரயில் போகும் பக்கமாகவே ஓடுகிறோம். பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கம். கடைசிப் பெட்டியில் கார்டு (இப்போது டிரெயின் மேனேஜர் என்கிறார்கள்) வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டேதான் வருவார். அவர் நம்மைக் கடக்க இன்னும் அரை நிமிஷம் இருக்கும். அவரிடம் பிரேக்கும் இருக்கிறது, டிரைவரோடு பேச வாக்கிடாக்கியும் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. கார்டு என்னைத் தாண்டும்போது என்னவென்று சைகையில் கேட்டார், எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை, போய்விட்டார். உள்ளே இருப்பவர்கள் சங்கிலியை இழுத்திருக்கலாமே என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பயத்தில்தான் பையன்கள் கை வைக்கவில்லையாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினேன். நான் அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. "இன்ஜின் ஸ்டார்ட்டர் சிக்னலைத் தாண்டிருச்சும்மா, இனிமே சிக்னல்ல ஒண்ணும் பண்ண முடியாது. எந்தப் பெட்டி? பேர் என்ன? என்ன கலர் புடவை?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, புடவைக் கலரா இப்போது முக்கியம் என்று. அவர் மேஜை மேல் இருந்த வாக்கிடாக்கியை எடுத்துக் கார்டைக் கூப்பிட்டார். "பச்சைப் புடவை, வயசானவங்க, எஸ் போகி, கூட வந்தவங்க ஸ்டேஷன்ல நிக்கிறாங்க, டிடிஇ கிட்ட சொல்லுங்க" என்று நான்கு வரியில் முடித்துவிட்டார். டிடிஇ என்றால் டிக்கெட் பரிசோதகர். ரயில் தூரம் போனால் அந்த வாக்கிடாக்கி எட்டாது. முதல் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்விட்டால்தான் அது உதவும். அடுத்து கன்ட்ரோலுக்கும் (ரயில் கட்டுப்பாட்டு அறை) சொன்னார். என்னை 139க்கு அடிக்கச் சொன்னார். ரயில்வேயின் எல்லாப் புகார் எண்களும் இப்போது அந்த ஒன்றில்தான். பாதுகாப்பு, மருத்துவ உதவிக்கு 1ஐ அழுத்த வேண்டும். எடுத்தவுடன் கதை சொல்லாமல் பிஎன்ஆர் எண் (டிக்கெட்டில் உள்ள முன்பதிவு எண்), ரயில் எண், ஆள் இருக்கும் பெட்டி, அவர் வயது, உடம்புக்கு என்ன, அடுத்த ஸ்டேஷன் எது என்று வரிசையாகச் சொன்னால் சீக்கிரம் முடியும். என்னிடம் பிஎன்ஆரைத் தேட நேரமானது, போன் கையில் இருந்தும்.

அம்மாவிடம் பட்டன் போன் இருந்தது. அடித்தால் எடுக்கவில்லை. பயத்தில் அவளுக்கு அது இடுப்பில் இருப்பதே மறந்துபோயிருந்தது. ஒரு பையன் சத்தம் கேட்டு எடுத்துக் கொடுத்தபிறகுதான் பேசினாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ ஊசி மருந்தை எடுத்துக்கிட்டியா?". அந்தப் பையன்கள் ஒரு கீழ் பெர்த்தில் உட்காரவைத்திருந்தார்கள், தண்ணீர் கொடுத்திருந்தார்கள். ஏசி பக்கம் போகும் இடைக்கதவு சாத்தியிருந்ததால் எங்கள் பெட்டிக்குப் போக வழியில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அவள் ஆதார் அட்டை என் கைப்பையில். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு அதில் பேர் உள்ளவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டையோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இல்லாத பயணம் என்று கணக்கு. அதற்குக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதல். நான் டிக்கெட்டையும் ஆதாரையும் போட்டோ எடுத்து அந்தப் பையனின் வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். கார்டு சொல்லியிருந்ததால் டிடிஇ அதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். விட்டது அவர் நல்ல மனசு, உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது அம்மாவின் ஆதார் அவளுடைய சுருக்குப்பையில் இருக்கிறது. டிஜிலாக்கரில் அரசு வழங்கிய ஆவணமாக இருக்கும் ஆதாரையும் ஒத்துக்கொள்கிறார்கள் (நாமே ஏற்றிய போட்டோ செல்லாது), ஆனால் பட்டன் போன்காரர்களுக்கு அது பயன்படாது. சுருக்குப்பையில் அட்டை, ஒரு வேளை மாத்திரை, நம் நம்பரும் பிஎன்ஆரும் எழுதிய துண்டுச் சீட்டு, 500 ரூபாய். பிரிந்துபோனாலும் காலைவரை அது தாங்கும்.

அடுத்து என்ன செய்வது? ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னது, "திருவாரூர்ல பிடிக்கலாம்னு பாக்காதீங்க, நீங்க போறதுக்குள்ள எடுத்துருவான். மாயவரத்துக்குப் போங்க." அவர் அறைக்கு வெளியே வந்து யாருக்கோ போன் போட்டுக் காரும் வரவழைத்தார். மாயவரம் வரை ராத்திரி ரேட், காலியாகத் திரும்பி வர வேண்டும், 4,000 ரூபாய் என்றார் டிரைவர் தம்பி. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. திருத்துறைப்பூண்டி தாண்டி, திருவாரூர் பைபாஸ் போகும்போது அம்மா போனில், "இங்க திருவாரூர் வந்துச்சு, கிளம்பிருச்சு" என்றாள். பத்து நிமிஷ வித்தியாசம். எந்த ஸ்டேஷனில் பிடிப்பது என்பதை ரயில் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, எங்கே அதிக நேரம் நிற்கும், எங்கே உயர்ந்த பிளாட்பாரமும் விளக்கும் போலீசும் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது தடவையும் இரண்டு நிமிஷ ஸ்டேஷனில் போய் நின்றால் அதே கதைதான்.

பேரளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு நெல் லாரி, இரண்டு பைக். டிரைவர் தம்பி இன்ஜினை அணைத்தார். சத்தம் கேட்டது, வெளிச்சம் வந்தது, அம்மா இருந்த அதே ரயில் எங்கள் மூக்குக்கு முன்னால் போனது. பெட்டிகளை எண்ணினேன். ஸ்லீப்பர் ஜன்னல்களில் எல்லாம் இருட்டு, எது அம்மா இருக்கும் பெட்டி என்று தெரியவில்லை. "அக்கா, சிரிக்கவா அழவான்னு தெரியலைக்கா" என்றார் தம்பி. நான் சிரித்தேன். அன்றைக்கு முதல் தடவை. கேட் திறந்து ஐந்து நிமிஷத்தில் அம்மா போன், ரயில் பேரளத்தில் நிற்கிறது என்று. ஒற்றைப் பாதை, எதிரே வரும் ரயிலுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். அங்கேயே போய் ஏறிவிடலாமா என்று ஆசை வந்தது. தம்பிதான், "எப்ப எடுப்பான்னு தெரியாதுக்கா, உள்ள போய் மாட்டிக்கிட்டா மாயவரமும் போயிரும்" என்று நேராக ஓட்டினார். கிராசிங்குக்கு நின்ற அந்த நேரம்தான் எங்களைக் காப்பாற்றியது. நாங்கள் மாயவரம் ஜங்ஷன் போய் இறங்கியபோது ரயில் இன்னும் வரவில்லை. ஆர்பிஎஃப்காரர் (ரயில்வே பாதுகாப்புப் படை) ஒருவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கன்ட்ரோலில் இருந்து சொல்லியிருந்தார்கள். ரயில் வந்ததும் அம்மாவை அந்தப் பெட்டியிலிருந்து இறக்கி, நல்ல வீல்சேரில் வைத்து, எங்கள் பெட்டி வரை தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். ஒற்றைக் காலில் செருப்போடு ஏசி பெட்டிக்குள் போன அம்மாவை எல்லோரும் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் மேல் பெர்த்தில் தாம்பரம் வரை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன்.

எங்கள் சீட்டு போகவில்லை, அது அதிர்ஷ்டம். டிடிஇ ஆள் வரவில்லை என்று பதிந்துவிட்டால் அந்த இடம் ஆர்ஏசியில் (முழு பெர்த் கிடைக்காமல் காத்திருக்கும் பட்டியல்) இருப்பவருக்குப் போய்விடும், அதற்குப் பிறகு நாம் ஏறினாலும் ஒன்றும் கேட்க முடியாது. எங்கள் விஷயத்தில் கார்டு மூலம் முன்பே தகவல் போயிருந்தது. ஒருவேளை ரயிலைப் பிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் டிக்கெட் பணம் அப்படியே போயிருக்கும். உறுதியான டிக்கெட்டுக்கு ரயில் கிளம்பிய பிறகு பணம் கிடையாது. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணமே செய்யாமல் விட்டால் மட்டும் முழுப் பணம் உண்டு, அதற்கும் ரயில் நம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டுவிட வேண்டும். கார் 4,000, ஆட்டோ, தம்பிக்குச் சாப்பாட்டுக்கு என்று கொடுத்தது, புதுச் செருப்பு எல்லாம் சேர்த்து 5,000 ரூபாயைத் தொட்டது. மாயவரத்துக்கே வீட்டிலிருந்து பகலில் கார் வைத்துப் போயிருந்தால் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும்.

அதனால் இப்போது அம்மாவோடு போவதென்றால் ஏறும் இடத்தைத் திருவாரூர் என்று போடுகிறேன். கார் செலவு உண்டுதான், ஆனால் ரயில் நிற்கும் நேரம் அதிகம், பிளாட்பாரம் உயரம், வீல்சேர் தள்ள ஆள் கிடைக்கும். ஏற்கெனவே சின்ன ஸ்டேஷனில் எடுத்துவிட்டீர்கள் என்றால் சார்ட் (பயணிகள் பட்டியல்) தயாராவதற்கு முன்னால் ஆன்லைனிலேயே ஏறும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபிறகு பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடும், ஞாபகம் இருக்கட்டும். சின்ன ஸ்டேஷனில்தான் ஏறியாக வேண்டும் என்றால் துணைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அம்மா அப்பாவோடு, ஒருவர் பைகளோடு. பைகள் முதலில் ஏறட்டும், நாம் ஏற முடியாமல் போனாலும் அவற்றை மாயவரத்தில்கூட இறக்கிக்கொள்ளலாம். நான் இனி ஒரே ஒரு தோள்பைதான் எடுத்துப்போவேன், கையில் எதுவும் கிடையாது. உங்கள் பெட்டி தள்ளி நின்றால் அருகில் உள்ள எந்தப் பெட்டியானாலும் ஏறிவிடுங்கள், ஆனால் துணைக்கு இருப்பவர் முதலில் ஏறி மேலிருந்து கை கொடுக்கட்டும். நான் கீழிருந்து தள்ளினேன், அதனால்தான் கீழேயே நின்றுவிட்டேன்.

ஊர் திரும்பும்போது அம்மா திருவாரூர் வரை எக்ஸ்பிரஸில் வந்து, அங்கிருந்து பகல் டெமுவில் எங்கள் ஊருக்கு வந்தாள். சில பத்து ரூபாய் டிக்கெட், அகலக் கதவு, முன்பதிவு இல்லாததால் பெட்டி எண் தேடும் வேலையும் இல்லை, எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஏறினால் போதும். இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனோம், வேறொருவர் டூட்டியில் இருந்தார். பெட்டி வரிசை போர்டு வைக்கவும் பிளாட்பாரத்தின் இரு முனைகளையும் உயர்த்தி விளக்குப் போடவும் எழுதிக் கொடுத்தோம். ஊர்ப் பயணிகள் சங்கத்திலும் கையெழுத்து வாங்கிக் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வீல்சேர் சக்கரத்தை மட்டும் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் 120 ரூபாயில் சரிசெய்து கொடுத்தார், இப்போது நேராக ஓடுகிறது.